கணுக்கால் பிரேஸ், முட்டி ஹிஞ்ச் பிரேஸ்: யாருக்கு எது, எப்படிக் கட்டுவது, ஏன் கீழே இறங்குகிறது?

வலைக்கோடு கேட்டது:

வணக்கம். வாலிபால் அணி ஒன்றுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மூன்று பேர் விஷயமாகக் கேட்க வேண்டும்.

முதல் ஆள் மிடில் பிளாக்கர் (வலை நடுவில் எதிரணி அடியைத் தடுப்பவர்). வலது கணுக்கால் ஒரே வருடத்தில் இரண்டாவது தடவை உள்பக்கமாகப் பிரண்டது. இப்போது ஏழு வாரம் ஆகிறது. வீக்கம் இல்லை, ஓடுகிறார், குதிக்கிறார். துணி ஸ்லீவ் ஒன்றை இழுத்து மாட்டிக்கொண்டு ஆடுகிறார். அது போதுமா? லேஸ் கட்டும் பிரேஸ் வாங்குவதா, இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தகடு வரும் பிரேஸ் வாங்குவதா? எத்தனை நாள் போட வேண்டும்? தொடர்ந்து போட்டால் கால் பலவீனமாகிவிடும் என்று அணியில் பாதிப்பேர் சொல்கிறார்கள்.

இரண்டாவது, 22 வயது அவுட்சைட் ஹிட்டர் (ஓரத்திலிருந்து பந்தை அடிப்பவர்). இடது முட்டியில் ஏ.சி.எல். (முட்டிக்குள் எலும்புகளை இணைக்கும் நார்) அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து மாதம். நான்கு ஸ்ட்ராப் உள்ள ஹிஞ்ச் பிரேஸ் (பக்கவாட்டில் கீல் வைத்தது) வைத்திருக்கிறார். பத்து நிமிடம் குதித்தாலே அது கீழே இறங்கிவிடுகிறது. தொடை ஸ்ட்ராப்பை இறுக்க இறுக்க இன்னும் மோசம். லெகிங்ஸ் மேல்தான் மாட்டுகிறார்.

மூன்றாவது, 14 வயதுப் பையன். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலி. முட்டிக்குக் கீழே கட்டும் சின்னப் பட்டை வாங்கிக் கொடுக்கலாமா?

---

இயன்முறை_மேசை:

கணுக்காலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முட்டிக்கு இங்கே பிரேஸ் செய்பவர்களே இருக்கிறார்கள்.

ஸ்லீவ் போதாது. பாதம் கீழ்நோக்கி நீண்டு, உள்பக்கமாக மடங்கும்போதுதான் கால் பிரளுகிறது. வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் ஏ.டி.எஃப்.எல். என்ற லிகமென்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) முதலில் கிழியும். விசை அதிகமானால் கணுவுக்குக் கீழே இருக்கும் சி.எஃப்.எல்.லும் சேர்ந்து போகும். அந்த மடக்கைத் தடுக்கும் விறைப்பு துணி ஸ்லீவுக்குக் கிடையாது. வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும், மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வைச் சற்றுக் கூட்டும். இரண்டு தடவை பிரண்ட காலுக்கு அதை நம்பக்கூடாது.

லேஸ், தகடு இரண்டுமே பிரளுவதைத் தடுக்கும். தகடு வைத்தது பாதத்தை மேலும் கீழும் தாராளமாக விடும், பக்கவாட்டில் மட்டும் பிடிக்கும். அதனால் குதிப்பதற்குத் தோதாக இருக்கும் என்று பிளாக்கர்கள் விரும்புவார்கள். ஆனால் ஷூவுக்குள் இடம் பிடிக்கும், கணு எலும்பு துருத்தியவர்களுக்கு உரசும். லேஸ் பிரேஸ் ஷூவுக்குள் ஒழுங்காக உட்காரும். ஆட்டத்தின் நடுவே தளர்ந்தால் திரும்ப இழுத்துக் கட்ட வேண்டும், அதுதான் தொல்லை. இரண்டையும் போட்டு அரை மணி நேரம் பிளாக் பயிற்சி செய்யச் சொல்லுங்கள். எதைக் கழற்றாமல் வைத்திருக்கிறாரோ அதை வாங்குங்கள்.

பலன் பற்றிச் சந்தேகம் வேண்டாம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 1,460 கூடைப்பந்து ஆட்டக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு 2011ல் வெளியானது. லேஸ் பிரேஸ் போட்டவர்களுக்கு ஆட்டத்திலோ பயிற்சியிலோ 1,000 தடவை இறங்கியதற்கு 0.47 கணுக்கால் காயம், போடாதவர்களுக்கு 1.41. ஏற்கெனவே பிரண்டவர்கள், பிரளாதவர்கள் இரு தரப்பிலும் குறைந்தது. ஆனால் பிரேஸ் போட்டும் பிரண்டவர்களுக்குக் காயத்தின் தீவிரம் குறையவில்லை. இதை ஆட்டக்காரரிடம் சொல்லிவிடுங்கள். பிரேஸ் போட்டிருக்கும்போது பிரண்டால், அது சின்னக் காயம் என்று நினைத்து ஆட்டத்தைத் தொடரக்கூடாது.

எத்தனை நாள் என்றால், பயிற்சிக்கும் போட்டிக்கும் ஒரு வருடம். நெதர்லாந்தில் நடந்து 2014ல் வந்த ஆய்வு ஒன்றில், கால் பிரண்டவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 27 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் மறுபடி பிரண்டது. ஒரு வருடம் விளையாட்டின்போது பிரேஸ் போட்டவர்களில் அது 15 சதவீதம். இரண்டையும் செய்த குழுவில் 19. அந்தக் குழுவினர் பிரேஸை எட்டு வாரம்தான் போட்டார்கள். சீக்கிரம் கழற்றுவதில் லாபம் இல்லை என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. வீட்டில் நடக்கும்போது பிரேஸ் தேவையில்லை.

கால் பலவீனமாகும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும் பெரோனியல் தசை, திடீரென்று கால் மடங்கும்போது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்பதை எட்டு வாரம் பிரேஸ் போட்டவர்களிடம் அளந்து பார்த்திருக்கிறார்கள். மாற்றம் எதுவும் இல்லை. பலவீனம் வருவது, பிரேஸ் இருக்கிறதே என்று பயிற்சியை நிறுத்தும்போதுதான்.

கட்டும் முறையில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள். மெல்லிய, முழு நீளச் சாக்ஸ் போட வேண்டும். பிரேஸுக்கு அடியில் ஒரு மடிப்புகூட இருக்கக்கூடாது. உட்கார்ந்து, குதிகாலைப் பிரேஸின் பின்பக்கம் முட்டும்வரை தள்ளி, பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வைத்துக்கொள்ள வேண்டும். பாதம் தொங்கும் நிலையில் லேஸ் கட்டினால், எழுந்து நின்றதுமே தளர்ந்துவிடும். லேஸ் விரல் பக்கம் லேசாக, மேற்பாதத்தில் இறுக்கமாக. பிறகு எட்டு வடிவப் பட்டைகள். எந்தப் பட்டை உள்பக்கத்திலிருந்து பாதத்துக்கு அடியில் போய் வெளிப்பக்கமாக மேலே ஏறுகிறதோ, அதுதான் கால் உள்ளே மடங்குவதைத் தடுக்கிறது. அதைக் கூடுதல் இழுப்போடு ஒட்டுங்கள். அந்தக் கணத்தில் பாதத்தின் வெளி ஓரத்தைச் சற்றுத் தூக்கி வைத்திருக்கச் சொல்லுங்கள். கடைசியில் மேல்பட்டை. வார்ம்-அப் முடிந்ததும் ஷூவைக் கழற்றி ஒரு தடவை எல்லாவற்றையும் மறுபடி இறுக்க வேண்டும். கட்டாயம்.

அளவை ஷூ சைஸ் பார்த்து எடுக்காதீர்கள். பல லேஸ் பிரேஸ்களுக்குக் குதிகாலையும் மேற்பாதத்தையும் சேர்த்துச் சுற்றிய அளவுதான் கேட்பார்கள். பெட்டியில் எந்த இடத்தில் டேப்பை வைக்கச் சொல்லியிருக்கிறதோ அங்கேயே வையுங்கள்.

சமநிலைப் பயிற்சி எல்லாம் பிரேஸ் இல்லாமல், வாரம் மூன்று நாள். ஒற்றைக்காலில் நின்று பந்தைத் தட்டுவது, கண்ணை மூடி நிற்பது, அசையும் பலகை, கடைசியில் ஒற்றைக்காலில் குதித்து இறங்கி அசையாமல் நிற்பது என்று ஏற்றிக்கொண்டே போகலாம். குதிகாலைத் தூக்கும் பயிற்சி இரண்டு காலிலும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தூக்காமல் முட்டியால் சுவரைத் தொட வைத்து, கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். வலது கால் 2 செ.மீ. குறைந்தால்கூட, மூட்டில் இன்னும் விறைப்பு இருக்கிறது.

மிடில் பிளாக்கர் என்பதால் இன்னொன்று. வாலிபாலில் கால் பிரளுவது பெரும்பாலும் வலையோரம், நடுக்கோட்டைத் தாண்டி வந்த பாதத்தின் மேல் இறங்கும்போதுதான். ஹிட்டர்களுக்கு அப்ரோச்சின் (குதிப்பதற்கு முன் ஓடிவரும் அடிகள்) கடைசி அடியில் முன்னோக்கிப் பாயாமல் மேல்நோக்கி எழும்பக் கற்றுக்கொடுங்கள். இரண்டு பேர் பிளாக்கில் யார் எங்கே இறங்குவது என்பதைத் தனியாகப் பயிற்சி செய்யுங்கள். எந்தப் பிரேஸும் இதற்கு ஈடாகாது.

---

கட்டுத்துணி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். டேப் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். நல்ல கை கட்டிய வெள்ளை டேப் முதல் சில நிமிடங்களுக்கு நன்றாகப் பிடிக்கும். ஆனால் 15, 20 நிமிடம் ஆடியதும் வியர்வையிலும் அசைவிலும் பிடிப்பில் பெரும்பகுதி போய்விடும். ஐந்து செட் ஆட்டத்தில் நடுவே மறுபடி கட்ட ஆள் வேண்டும். பிரேஸை ஆட்டக்காரரே இழுத்துக்கொள்ளலாம். விரல் மூட்டுக்கும், பிரேஸ் உட்காராத வடிவமுள்ள காலுக்கும் மட்டுமே நான் டேப்பைச் சொல்வேன்.

வண்ண வண்ணமாக ஒட்டும் எலாஸ்டிக் டேப் வேறு வகை. அது மூட்டைப் பிடித்து நிறுத்தாது. அதைக் கணுக்காலில் ஒட்டிவிட்டுப் பாதுகாப்பு என்று நினைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது.

---

வார்ப்பட்டை:

முட்டிப் பிரேஸ் இறங்குவதற்கு வருகிறேன். கோச், நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது: தொடை ஸ்ட்ராப்பை இறுக்கினால் இன்னும் இறங்குகிறது. தொடை மேலே அகலம், முட்டிப் பக்கம் குறுகல், ஒரு கூம்பு மாதிரி. அதில் எதை இறுக்கினாலும் குறுகிய பக்கம்தான் நழுவும். பிரேஸை மேலே நிறுத்துவது தொடை இல்லை, கெண்டைக்கால். முட்டிக்குப் பின்குழிக்குக் கீழே, கெண்டைச் சதை புடைக்கத் தொடங்குமுன் ஒரு சின்ன இடுப்பு மாதிரி குறுகிய இடம் இருக்கும். மேல் கெண்டை ஸ்ட்ராப் அந்த இடத்தில் உட்கார்ந்தால், கீழே இருக்கும் சதைப் புடைப்பு அதை இறங்கவிடாது. அந்த ஸ்ட்ராப் சதையின் மேலேயே கிடந்தால் வேறு எதைச் செய்தும் பிரயோஜனம் இல்லை.

மாட்டும்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முட்டியைச் சுமார் 45 டிகிரி மடக்கி, பாதத்தைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். எல்லா ஸ்ட்ராப்பும் திறந்திருக்க வேண்டும். ஹிஞ்சின் நடு, முட்டிச் சில்லின் நடுவுக்கு நேராக, அல்லது அதற்கு ஒரு விரல் கனம் மேலே. பக்கத்திலிருந்து பார்த்தால் முட்டியின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால். கொஞ்சம் மேலே வைப்பதற்குக் காரணம், எழுந்து நடந்ததும் எந்தப் பிரேஸும் சிறிது இறங்கித்தான் உட்காரும். பிறகு, ஹிஞ்சைக் கையால் பின்னோக்கித் தள்ளிப் பிடித்தபடி, மேல் கெண்டை ஸ்ட்ராப்பை முதலில் கட்ட வேண்டும். அடுத்து கீழ்க்கெண்டை. அதன் பிறகு தொடையில் முட்டியை ஒட்டிய ஸ்ட்ராப், கடைசியில் தொடையின் மேல் ஸ்ட்ராப். சில மாடல்களில் ஸ்ட்ராப் மேலேயே எண் அச்சிட்டிருப்பார்கள். அது இருந்தால் அந்த வரிசைதான். இறுக்கம், ஸ்ட்ராப்புக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற அளவு. எழுந்து பத்து தடவை அரை ஸ்குவாட், கொஞ்சம் நடை, மறுபடி உட்கார்ந்து அதே வரிசையில் இறுக்கம் பார்க்க வேண்டும்.

அதற்கு மேல் இறுக்கக்கூடாது. ஸ்ட்ராப் நெருக்கினால் தசைக்குள் அழுத்தம் ஏறி, ரத்த ஓட்டம் குறைந்து, கால் சீக்கிரம் களைத்துப்போகும். களைத்த காலோடு குதித்து இறங்குவதுதான் இவருக்கு ஆபத்து.

லெகிங்ஸ் மேல் மாட்டவே கூடாது. வழுக்கும் துணி தோல் மேல் நகரும், பிரேஸ் துணி மேல் நகரும், இரண்டும் சேரும். வெறும் தோலில் மாட்ட வேண்டும். தோல் உரசினால் பிரேஸுக்கென்றே வரும் மெல்லிய உட்ஸ்லீவ், உள்ளே சிலிக்கான் புள்ளி வைத்தது. அன்றைக்குக் காலில் எண்ணெய், லோஷன் கூடாது. ஹிஞ்சின் உள்பக்கம் முட்டியைத் தொடும் பஞ்சுத் திண்டு தட்டையாகிப் போயிருந்தால் கனமானதாக மாற்றுங்கள். முட்டிக்கும் ஹிஞ்சுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் பிரேஸ் சுழலவும் செய்யும்.

இறங்குகிறதா என்பதைக் கண்மதிப்பில் சொல்லாதீர்கள். பிரேஸ் மாட்டியதும் மேல் கெண்டை ஸ்ட்ராப்பின் மேல் விளிம்பை ஒட்டி, பேனாவால் தோலில் ஒரு கோடு போடுங்கள். 15 நிமிடம் குதித்த பிறகு கோட்டுக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளவுகோலால் பாருங்கள். 1 செ.மீ.க்குள் என்றால் பரவாயில்லை. 2, 3 செ.மீ. என்றால் ஹிஞ்சின் அச்சும் முட்டியின் அச்சும் பிரிந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது முட்டி மடங்கும் ஒவ்வொரு தடவையும் சட்டம் மேலும் கீழும் அடித்துக்கொள்ளும்; கீழ்க்கால் எலும்பின் முன்பக்கம் சிவந்து உரியும், தொடைச் சட்டம் முன்னால் எழும்பி நிற்கும். இந்த இரண்டு அடையாளமும் இருந்தால் ஹிஞ்ச் கீழே இருக்கிறது, சந்தேகமே இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும்: அளவு எப்போது எடுத்தது? அறுவைச் சிகிச்சை முடிந்த சில வாரங்களில் என்றால், தொடைத் தசை வற்றியிருந்த காலத்து அளவு அது. பத்து மாதத்தில் தசை திரும்பியிருக்கும். சில்லின் நடுவிலிருந்து மேலே 15 செ.மீ.யில் தொடைச் சுற்றளவு, கீழே 15 செ.மீ.யில் கெண்டைச் சுற்றளவு, முட்டியின் அகலம், மூன்றையும் நிற்க வைத்து மறுபடி எடுங்கள். தொடை 2 செ.மீ.க்கு மேல் மாறியிருந்தால் வாங்கிய இடத்தில் சட்டத்தை வளைத்தோ சைஸ் மாற்றியோ தரச் சொல்லலாம். சட்டத்தை நீங்களே வளைக்காதீர்கள். இரண்டு பக்க ஹிஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் முட்டி மடங்கும்போது முறுக்கும்.

ஹிஞ்சுக்குள் முட்டி நீள்வதைக் கட்டுப்படுத்தும் சின்ன ஆப்பு இருக்கும். 0, 10, 20 என்று டிகிரி எழுதியிருக்கும். அதை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். மாற்றினால் உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் ஒரே எண். மாற்றிய பின் பிரேஸைக் கையில் வைத்து மடக்கி நீட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் தட்டி நிற்கிறதா பாருங்கள்.

பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திண்டும் ஸ்ட்ராப்பும் குளிர்ந்த நீரில் மிதமான சோப்பில் கைக்கழுவல், நிழலில் காயல். ஹிஞ்சில் மணல் சேர்ந்தால் நல்ல நீரில் கழுவிக் காயவைத்து, உலர்ந்தபின் படியும் டெஃப்லான் ஸ்ப்ரே. எண்ணெய் விட்டால் தூசியை இழுத்து அரைக்கும். வெல்க்ரோவின் கொக்கிப் பக்கத்தில் சிக்கிய நூலைப் பழைய டூத் பிரஷால் எடுங்கள். போட்டி நடுவே ஸ்ட்ராப் கழன்றுபோவதற்குப் பாதிக் காரணம் அந்த நூல்தான். ஹிஞ்ச் திருகாணியை வாரம் ஒருமுறை கையால் சோதியுங்கள்.

---

ஆர்த்தோ_ஓ.பி.:

பொருத்துவது பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த ஹிட்டருக்குப் பிரேஸ் எதற்கு என்ற கேள்வி முதலில் வர வேண்டும்.

ஏ.சி.எல். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வழக்கமாக ஹிஞ்ச் பிரேஸ் போடுவது மறு கிழிசலைக் குறைக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. காரணம் எளிது. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவுவதை இந்தப் பிரேஸ்கள் குறைந்த விசையில் ஓரளவு தடுக்கும். ஒற்றைக்காலில் இறங்கித் திரும்பும் விசையில், தொடையின் மென்தசை நடுவே நசுங்கிக் கொடுப்பதால் சட்டத்தால் எலும்பைப் பிடித்து நிறுத்த முடியாது. பனிச்சறுக்கு வீரர்களிடம் மட்டும் பலன் தெரிந்திருக்கிறது; அதை வாலிபாலுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. எம்.சி.எல்.லும் (முட்டியின் உள்பக்க லிகமென்ட்) சேர்ந்து கிழிந்திருந்தால், முட்டி பின்னோக்கி அதிகமாக வளையும் உடம்பாக இருந்தால், அறுவைச் சிகிச்சை செய்தவர் ஏதாவது காரணம் சொல்லியிருந்தால் போடட்டும். இல்லையென்றால் அவரிடம் கேட்டுவிட்டுப் படிப்படியாக விடலாம்.

மறு காயத்தைக் குறைப்பதாகத் தெரிந்தவை இரண்டு: காலமும் தேர்வும். நார்வேயில் ஓஸ்லோவைச் சேர்ந்த குழு 2016ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பதாவது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்பும் நாளை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டபோதும் மறு காயம் 51 சதவீதம் குறைந்தது. தேர்வில் தேறித் திரும்பியவர்களில் 5.6 சதவீதம் பேருக்கு முட்டியில் மறுபடி காயம். தேறாமல் திரும்பியவர்களில் 38.2 சதவீதம். பத்து மாதம் ஆகிவிட்டது என்பதோடு நிறுத்தாதீர்கள். தொடை முன்தசையின் பலத்தைக் கருவியில் அளந்து, மறு காலோடு ஒப்பிட்டு 90 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஒற்றைக்கால் தாவல் தேர்வுகள் நான்கும் 90க்கு மேல்: ஒரு தாவல், மூன்று தாவல், குறுக்கே மாறி மாறித் தாவல், 6 மீட்டரை எவ்வளவு நேரத்தில் தாவிக் கடக்கிறார் என்பது. இதையெல்லாம் பிரேஸைக் கழற்றிவிட்டு செய்ய வேண்டும். தாவும் தூரம் சமமாக இருந்தும் இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்ந்தால் தேறவில்லை என்றே வையுங்கள்.

பிரேஸ் போடும் எல்லோருக்கும் ஒரு எச்சரிக்கை. முட்டிக்கு வெளிப்பக்கம், சற்றுக் கீழே விரலால் தடவினால் ஃபிபுலா என்ற வெளிப்பக்க மெல்லிய எலும்பின் உருண்டைத் தலை தட்டுப்படும். பெரோனியல் நரம்பு அதன் கழுத்தைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. ஸ்ட்ராப்போ சட்ட விளிம்போ அங்கே அழுத்தினால் மேற்பாதத்தில் மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வரும். அப்போதே கழற்ற வேண்டும். கழற்றியும் பெருவிரலையோ பாதத்தையோ மேலே தூக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவமனை. கெண்டைக்கால் வீங்கிச் சூடாகி வலித்தாலும் அப்படித்தான். அதைப் பிரேஸ் இறுக்கம் என்று தள்ளிப்போடாதீர்கள், ரத்த நாளத்தில் உறைவாக இருக்கலாம்.

கணுக்கால் ஆளுக்கு அடுத்த தடவை பிரண்டால் பிரேஸை மேலும் இறுக்கி ஆடவிடும் முன் பார்க்க வேண்டியவை: வெளிக்கணு, உள்கணு இரண்டிலும் எலும்பின் பின் விளிம்பில் கீழ் 6 செ.மீ.க்குள் அல்லது நுனியில் அழுத்தினால் வலியா, சுண்டுவிரலுக்குப் போகும் மெடடார்சல் எலும்பின் குதிகால் பக்க முனையில் வலியா, உள்பாதத்து நாவிகுலர் எலும்பில் வலியா, அடிபட்ட உடனும் பிறகும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா. ஒன்று ஆம் என்றாலும் எக்ஸ்ரே. கெண்டைக்காலின் நடுவில் இரண்டு எலும்பையும் சேர்த்து அமுக்கும்போது கணுக்காலுக்கு மேலே வலித்தால் அது மேல்பகுதி லிகமென்ட் காயமாக இருக்கலாம். அதற்கு லேஸ் பிரேஸ் உதவாது, ஆறும் காலமும் அதிகம்.

பையனுக்கு இருப்பது, சொல்வதை வைத்துப் பார்த்தால், ஆஸ்குட்-ஷ்லாட்டர். வளரும் எலும்பு முனையை டெண்டன் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) இழுப்பதால் வருகிறது. வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் அடங்கும். பட்டை கட்டலாம், சிலருக்கு வலி குறையும், ஆனால் அது குணப்படுத்தாது. கட்டும் இடம் புடைப்பின் மேல் இல்லை. சில்லின் கீழ் நுனிக்கும் புடைப்புக்கும் நடுவே, டெண்டன் மேல். புடைப்பின் மேலேயே கட்டினால் வலி கூடும். குதிக்கும் எண்ணிக்கையைக் குறையுங்கள். பயிற்சியின்போது வலி பத்துக்கு மூன்று, நாலுக்குள் இருந்து மறுநாள் காலைக்குள் தணிய வேண்டும், அதுதான் அளவு. குதிக்கும்போது திடீரென்று ‘டப்’ என்று உணர்ந்து காலை நீட்ட முடியாமல் போனால் எலும்பு முனை பிய்ந்திருக்கலாம், உடனே எக்ஸ்ரே. நொண்டுகிறான், முட்டியை அழுத்தினால் வலி இல்லை என்ற நிலை வந்தால் இடுப்பு மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் இடுப்பு நோய் முட்டி வலியாகக் காட்டும்.

---

வலைக்கோடு:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஹிட்டரின் தொடையை அளந்தேன். பிரேஸ் வாங்கும்போது எழுதி வைத்ததைவிட 3.5 செ.மீ. கூடியிருக்கிறது. லெகிங்ஸை விட்டு, மேல் கெண்டை ஸ்ட்ராப்பை மேலே ஏற்றி, பேனாக் கோடு போட்டுப் பார்த்ததில் 15 நிமிடத்தில் 1.5 செ.மீ. இறக்கம். அறுவைச் சிகிச்சை செய்தவர், தாவல் தேர்வு முடியும்வரை பிரேஸ் இருக்கட்டும் என்கிறார்.

இரண்டு கேள்வி மிச்சம். வெறும் தோலில் மாட்டியதும் பிரேஸ் படும் இடம் முழுக்கச் சிவந்து அரிக்கிறது. இரும்பு ஹிஞ்ச் உள்ளதைப் போட்டிக்குப் போட நடுவர் விடுவாரா?

---

வார்ப்பட்டை:

1.5 செ.மீ. நல்ல முன்னேற்றம். மிச்சம் 3.5 செ.மீ. தசையால் வருவது. சட்டத்தைத் திரும்பப் பொருத்தாமல் அது தீராது.

சிவப்பை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஸ்ட்ராப் தடம் மட்டும் சிவந்து, கழற்றி அரை மணி நேரத்துக்குள் மறைந்தால் அது வெறும் அழுத்தம். ஓரிடத்தில் மட்டும் மறையாமல் நின்றால் அங்கே திண்டு சரியில்லை. பிரேஸ் பட்ட பரப்பு முழுக்க அரித்து, பொரிப்பொரியாக எழும்பி, மறுநாளும் இருந்தால் வியர்க்குருவாக இருக்கலாம், அல்லது நியோப்ரீன் (பிரேஸில் வரும் செயற்கை ரப்பர்) ஒவ்வாமை. நியோப்ரீன் தயாரிப்பில் சேர்க்கும் தையோயூரியா வகை ரசாயனங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதலில் திண்டுகளைக் கழுவி சோப்பு மிச்சம் போகும்வரை அலசுங்கள். பயிற்சி முடிந்ததும் பிரேஸைப் பைக்குள் ஈரத்தோடு போடாதீர்கள். அப்படியும் அரித்தால் நியோப்ரீன் கலக்காத உட்ஸ்லீவ், நியோப்ரீன் இல்லாத திண்டு. தோல் வெடித்திருந்தால் ஆறும்வரை பிரேஸ் வேண்டாம், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

---

இயன்முறை_மேசை:

நடுவர் விஷயம்: சர்வதேச வாலிபால் விதியில், காயம் உண்டாக்கக்கூடிய அல்லது ஆட்டக்காரருக்குச் செயற்கையாக அனுகூலம் தரும் பொருள் அணியக்கூடாது, பாதுகாப்புக்கோ தாங்கலுக்கோ பஞ்சு வைத்த சாதனம் அணியலாம். எனவே ஹிஞ்சின் உலோகம் வெளியே தெரியாமல், பிரேஸோடு வரும் உறையால் அல்லது அடர்ந்த நுரைத் துண்டால் மூடி, மேலே ஒரு ஸ்லீவ் போடுங்கள். ஸ்ட்ராப் நுனி எதுவும் தொங்கக்கூடாது. உள்ளூர்ப் போட்டிகளில் கூடுதல் விதி இருக்கலாம் என்பதால், வார்ம்-அப்புக்கு முன்பே முதல் நடுவரிடம் காட்டி அனுமதி வாங்கிவிடுங்கள். முதல் செட் நடுவில் கழற்றச் சொன்னால் திரும்ப மாட்ட ஐந்து நிமிடம் ஆகும். பயிற்சியிலும் அந்த உறையோடு ஒரு வாரம் ஆடவிட்டு, பேனாக் கோட்டை மறுபடி பாருங்கள். மேலே போடும் ஸ்லீவ் சில சமயம் பிரேஸைக் கீழே இழுக்கும்.